ஒயில் சீலுக்குள்ள ஒரு ஸ்பிரிங்

றப்பர் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு, பால் ஷீட்டாகி லொறி ஏறுற வரைக்கும்தான் தெரியும். சிரட்டையில வடிஞ்ச பாலை அசிட் விட்டு உறைய வைக்கிறது, ரோலர்ல தட்டையாக்குறது, புகையில காய வைக்கிறது, எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவோம். அதுக்குப் பிறகு அது என்னவாகுது? கலைப்பீடத்தில் அதுக்கெல்லாம் பாடம் இல்லை.

போன லீவுல ருவான்வெல்லை டவுன் கராஜ் ஒன்றில், த்ரீவீலரில் இருந்து கழற்றி வீசின ஒயில் சீல் ஒன்று கிடைச்சது. நகத்தால கிளப்பினா உள்ளுக்குள்ள மெல்லிசா ஒரு ஸ்பிரிங் வளையம். றப்பர் உதடு தேயத் தேய ஷாஃப்டை விட்டு விலகப் பார்க்கும். இந்த ஸ்பிரிங்தான் அதை இறுக்கிப் பிடிச்சு ஒயிலை வெளியே விடாமல் வைக்குது.

தேடிப் படிச்சா, பெரிய ஆலைகளிலும் இதே யோசனைதான். அங்கே றப்பருக்குப் பதில் டெஃப்லான். 1938இல் அமெரிக்காவில் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடிச்சது. அசிட் அதை ஒண்ணும் செய்யாது, 260 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும். ஆனா ஒரு குறை: அழுத்தினா அழுத்தின மாதிரியே கிடக்கும், றப்பர் மாதிரி எழும்பி வராது. அதனால லாடம் மாதிரி வளைஞ்ச டெஃப்லான் உறைக்குள்ள ஒரு எஃகு ஸ்பிரிங்கை வைக்கிறாங்க. எழும்பி வர்ற வேலையை அது பார்க்கும். மைனஸ் 196 பாகையில் கொதிக்கிற திரவ நைதரசனைக்கூட இப்படி அடைச்சு வைக்கலாம். அந்தக் குளிரில் றப்பர் கண்ணாடி மாதிரி ஆகிடும். அவ்வளவு குளிர்கூட வேண்டாம். 1986 ஜனவரி 28 காலைக் குளிரில் சலெஞ்சர் விண்கலத்து ரொக்கெட்டின் றப்பர் வளையம் ஒன்று சரியா எழும்பி அடைக்காததால்தான் 7 பேர் செத்தாங்க. விசாரணையில் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த றப்பரை ஐஸ் தண்ணியில் போட்டே காட்டினார்.

அந்த ஒயில் சீலை அம்மாகிட்ட காட்டினோம். 20 வருசத்துக்கு மேல பால் வெட்டுறாங்க.

"இது நம்ம மரத்துப் பாலா?"

இல்லை. நைட்ரைல், பெற்றோலியத்தில் இருந்து செய்யிறது. நம்ம றப்பர் ஒயில் பட்டா ஊதிப்போயிடும். சொன்னதும் அம்மாவின் முகம் கொஞ்சம் வாடிச்சு. உடனே, "ஆனா பிளேன் டயர் நம்ம மாதிரி மரத்துப் பால்லதாம்மா, அந்தச் சூட்டையும் அடியையும் தாங்க அதுதான் வேணும்" என்றோம். அது பொய்யில்லை.

"பிளேனுக்கா?" என்று சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "அப்புறம் ஏன்டா, மழை பேஞ்சு பட்டை நனைஞ்ச நாளைக்கு அரைப்பேர் போடக்கூட இவ்வளவு யோசிக்கிறாங்க?"