எலுமிச்சை அளவிலேயே பிடுங்கிவிடுங்கள்

டர்னிப் பிடிக்காது என்பவர்களை நான் குறை சொல்வதில்லை. கடையில் அவர்கள் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தேங்காய் அளவுக்கு ஊதிப்போனது. உள்ளே நார் ஓடியிருக்கும், நடுவே சக்கை கட்டியிருக்கும். சாம்பாரில் போட்டால் ஒரு காட்டமான வாசத்தோடு தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். எடை போட்டு விற்கிற விவசாயி அதை இளசில் பிடுங்கினால் கட்டுப்படியாகாது. வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டர்னிப் வளர்ப்பில் நான் கற்றதெல்லாம் எதை, எப்போது பிடுங்குவது என்பதுதான்.

எங்கள் வீடு கோத்தகிரியில். பின்புறம் சரிவை வெட்டிக் கட்டிய இரண்டு படிமட்டம், அதில் ஐந்தாறு பாத்தி. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் எங்களுக்கு அவ்வளவு தெரியாது. கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கிற ஜூலையில் இங்கே தூறலும் மூடுபனியும்தான். ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்கள் பெருமழை. அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு விதைப்பு; மழை கனக்குமுன் கிழங்கு கைக்கு வந்துவிடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் இன்னொரு விதைப்பு. ஏப்ரல் வெயிலில் விதைக்கவே கூடாது. சூட்டில் வளர்ந்தால் காரம் ஏறும், கசப்பும் சேரும். குளிரில் வளர்ந்ததற்கு இனிப்பு கூடும்.

விதை கடுகைப் போலவே இருக்கும். கடுகின் நெருங்கிய உறவுதானே. முட்டைக்கோஸ் மாதிரி நாற்று விட்டு நடுகிற பயிர் அல்ல இது. பிடுங்கி நட்டால் வேர் கோணிக் கிழங்கு கவட்டையாகப் போகும். நேரடியாகப் பாத்தியில் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மூடிவிடுவேன். கடுகளவு விதையை எவ்வளவு கவனமாகத் தூவினாலும் நெருக்கமாகத்தான் விழும். ஒரு வாரத்துக்குள் பச்சைக்கோடு போட்டதுபோல முளைத்து நிற்கும்.

இனித்தான் கடினமான வேலை. மூன்றாவது இலை விட்டதும் நான்கு அங்குலத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கலைக்க வேண்டும். என் மாமியார் சமவெளியில் கம்பும் சோளமும் விளைந்த தோட்டத்திலிருந்து வந்தவர். முதல்முறை நான் கலைத்ததைப் பார்த்து, "நல்லா இருக்கற செடியை எதுக்குக் கண்ணு பிடுங்கிப் போடறே?" என்றார். பிடுங்கியதைக் குப்பையில் போடுவேன் என்று நினைத்துவிட்டார். அன்று மதியம் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்த் துருவலோடு அது பொரியலாக இலைக்கு வந்தபிறகு அவரே அடுத்த வரிசையைக் கலைக்க உட்கார்ந்துவிட்டார். சத்துக் கணக்கு பார்த்தாலும் கிழங்கைவிடக் கீரைதான் மேல். கிழங்கு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் இலையில்தான். கடையில் இந்தக் கீரை கிடைப்பதே இல்லை. லாரி ஏறுமுன் வாடிவிடும் என்று நறுக்கி எறிந்துவிடுகிறார்கள்.

நாம் கிழங்கு என்று சொல்வது முழுக்க வேர் அல்ல. வித்திலைக்கும் வேருக்கும் நடுவே இருக்கிற தண்டுப்பகுதிதான் பருத்து உருள்கிறது. அதனால் அது தோள்வரை மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். 'பர்ப்பிள் டாப் ஒயிட் குளோப்' என்ற பழைய ரகத்தில் வெயில் பட்ட தோள் மட்டும் ஊதாவாகும், மண்ணுக்குள் இருப்பது வெள்ளையாகவே இருக்கும். கேரட்டுக்கு மண் அணைக்கிற பழக்கத்தில் இதற்கும் அணைக்க வேண்டாம். நான் இப்போது அதிகம் போடுவது 'பூசா சந்திரிமா', முழு வெள்ளை. விதையை நானே எடுப்பதில்லை. ஐரோப்பிய ரகங்கள் நல்ல குளிரைத் தாண்டித்தான் பூக்கும். அவற்றின் விதை இமாசலத்தின் குலு பள்ளத்தாக்குப் பக்கம் விளைகிறது. போதாததற்குப் பக்கத்துத் தோட்டத்தில் சைனீஸ் முட்டைக்கோஸ் பூத்திருந்தால் அதனோடு கலந்து, அடுத்த தலைமுறை எதுவாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த மலையில் டர்னிப்புக்குப் பெரிய எதிரி மண்ணின் புளிப்பு. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் பக்கத்துக் கன்னேரிமுக்கில் பங்களா கட்டியதும், அவர் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகள் மலையேறியதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். காய்கறிகள் வந்தன, மண் அதே செம்மண்தான். புளித்த மண்ணில் கோஸ் குடும்பத்துப் பயிர்களுக்கு ஒரு வேர்வீக்க நோய் வரும். வேர் முழுக்க முண்டுமுண்டாக வீங்கி, பகலில் செடி துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்து, கடைசியில் ஒருநாள் நிமிராமலே போகும். அந்த நோயின் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் கிடக்கும். மருந்தைத் தேடி ஓடுவதைவிட விதைக்குமுன் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு இரண்டு, மூன்று வாரம் ஆறப்போடுவது மேல். கோஸ் எடுத்த பாத்தியில் டர்னிப் போடுவதில்லை. பட்டாணியோ பீன்ஸோ எடுத்த பாத்தியில்தான்.

பயிர்ச் சுழற்சி என்றால் இங்கிலாந்தின் 'டர்னிப்' டவுன்ஷெண்ட் (1674–1738) நினைவுக்கு வருவார். கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் நார்ஃபோக் முறையைப் பரப்பியதற்காகப் பட்டப்பெயர் வாங்கிய பிரபு. குளிர்காலத்தில் கால்நடைக்குத் தீவனம் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அந்த டர்னிப். மாட்டுக்குப் பெருக்க வைத்த அளவை நாம் ஏன் மனிதருக்கு விற்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பூச்சி அதிகமில்லை. தொட்டால் துள்ளுகிற கருவண்டு இளம் இலையைச் சல்லடையாக்கும். காலைப் பனியில் அடுப்புச் சாம்பல் தூவினால் ஓரளவு அடங்கும். முள்ளம்பன்றிக்குச் சாம்பலும் இல்லை, சாமியும் இல்லை. கம்பிவலையைத் தரைக்குள்ளும் ஓரடி புதைத்தால்தான் கிழங்கு நமக்கு மிஞ்சும். தண்ணீர் காயவிட்டுப் பிறகு மொத்தமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை முழங்கால் உயரம் வரும், கீழே விரல் பருமன்தான் இருக்கும்.

விதைத்து ஆறு வாரம் ஆனதும் தினமும் குனிந்து பார்ப்பேன். எலுமிச்சை அளவு வந்தவுடன் பெரியதிலிருந்து தொடங்கிப் பிடுங்குவது. பக்கத்தில் இருப்பதற்கு அந்த இடம் கிடைக்கும். இந்தப் பருவத்தில் தோல் சீவவே வேண்டாம். மெல்லியதாக அரிந்து உப்பு, எலுமிச்சைச்சாறு, பச்சைமிளகாய் பிசறினால் பச்சையாகவே சாப்பிடலாம். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் தேங்காயும் சீரகமும் போதும், மசாலா வேண்டாம். தண்டைப் பொடியாக நறுக்கி அதே கூட்டில் கடைசியில் சேர்ப்பேன். நெல்லிக்காய் அளவில் நின்றுபோனவற்றை முழுசாக ஆட்டுக்கறிக் குழம்பில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். குழம்பை உறிஞ்சுவதில் உருளைக்கிழங்கு இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. காஷ்மீரிகள் 'ஷப் தேக்' என்று கறியையும் முழு டர்னிப்பையும் இரவெல்லாம் மெல்லிய தணலில் வைப்பார்கள். அவ்வளவு பொறுமை எனக்கில்லை, குக்கர்தான்.

ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் முற்றிவிட்டவை எப்படியும் சில இருக்கும். தோலுக்குக் கீழே ஒரு நார் வளையம் தெரியும். அதுவரை தாராளமாகச் சீவ வேண்டும். பிறகு பஞ்சாபிகள் செய்வதுபோலக் கேரட், காலிஃபிளவரோடு விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கடுகுத்தூள், வெல்லம், வினிகர், கடுகெண்ணெய் சேர்த்து ஜாடியில் ஊறப்போடுவேன். அவர்கள் வெயிலில் வைப்பார்கள். கோத்தகிரி மூடுபனியில் அது நடக்காது. அடுப்புத் திண்ணையின் கதகதப்பில் வைத்தால் ஒரு வாரத்தில் சரியாக வருகிறது. தயிர்சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்ளத்தான் மாமியார் இப்போது, ரெண்டு கிழங்கைப் பிடுங்காமல் விடு என்கிறார்.