அப்பா ஏறாத கார்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் என் காரில் ஏறவில்லை. தெம்பனிஸில் டௌன்டவுன் பாதை ரயிலைப் பிடித்து, லிட்டில் இந்தியாவில் இறங்கி, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார்கள்.

“ரயில் நேரா கொண்டுபோய் விட்டுருது. வேலை முடிஞ்சு வந்த பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்?” என்றார் அம்மா. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. நான் கார் வாங்கியதே அவருக்காகத்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கார் கீழே நிற்க, அவர் ரயில் நிலையப் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் வெள்ளியன்று விடாமல் கேட்டபோதுதான் உண்மை வந்தது. “அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கலைப்பா.”

“எந்தச் சத்தம்?”

எனக்குக் காதுதான் பிழைப்பு. வானொலியில் பேசுகிறவன். ஒலிப்பதிவில் ஒரு மூச்சு கூடுதலாக விழுந்தாலும் கண்டுபிடித்து வெட்டிவிடுவேன். என் காரில் எனக்கே கேட்காத சத்தமா? அப்பாவிடம் கேட்டேன். முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். “நீ பின்னாடி உக்காந்து பாரு” என்பதோடு முடித்துக்கொண்டார்.

அன்றிரவே நண்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் தம்பியோடு நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சுழல்பாதை ஏறும்போது கேட்டது. ‘ஸ்ர்ர்ர்’ என்று, மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல. வேகத் தடுப்பு மேட்டில் ஏறி இறங்கும்போது மறுபடியும். தனியாக ஓட்டும்போது ஒருநாளும் வந்ததில்லை. பின்னால் இரண்டு பேர் அமர்ந்தால் மட்டுமே வரும் சத்தம் அது.

கைப்பேசி விளக்கில் பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயரின் வெளித்தோள் சுற்றிலும் கத்தியால் சீவியதுபோல ஒரு கோடு. ஓரிடத்தில் பக்கச்சுவர் வரை கீறல் இறங்கியிருந்தது. டயரில் மிக மெல்லிய பகுதி பக்கச்சுவர்தான். தரையைத் தொடும் பகுதியில் இருப்பதுபோல அங்கே எஃகுப் பட்டைகள் கிடையாது. அந்த டயரோடுதான் விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் பெற்றோரை அழைத்துப் போயிருக்கிறேன். அன்று சரியாகத் தூங்கவில்லை.

கண்ணுக்கு அழகு, கணக்கில் பிழை

கார், 2009ல் பதிவான ஹோண்டா சிவிக். வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்தபின் என் கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்தவர் உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் போட்டு, காரை நன்றாகத் தாழ்த்தியிருந்தார். தாழ்ந்து நிற்கும் காரின் அழகு எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த வளைவுக்குள் 16 அங்குல ரிம் சின்னதாகத் தெரிந்தது. இணையத்தில் ஒருவர் விற்ற 18 அங்குல ரிம்மை டயரோடு வாங்கினேன். ஐந்து ஆணி, 114.3 மில்லிமீட்டர் இடைவெளி. ஆணித்துளை பொருந்தியது, போதும் என்று நினைத்தேன்.

எண்களை ஒழுங்காகப் படித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். டயரில் 205/55 ஆர்16 என்று இருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது 113 மில்லிமீட்டர். ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர். நான் போட்டது 225/40 ஆர்18. அதன் விட்டம் 637. ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விட்டத்தை மட்டும் பார்த்தவனுக்கு இது உரசும் என்று தோன்றாது.

பிழை ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருந்த எண்ணில் இருந்தது. ‘ஆஃப்செட்’ என்பார்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது காரின் அச்சோடு ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். பழைய ரிம் 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. புதியது 8 அங்குலம், 35. அகலம் கூடியதில் பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர். ஆஃப்செட் குறைந்ததில் இன்னும் 10. ஆக, சக்கரத்தின் வெளி விளிம்பு 29 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு விரல் அகலம். உட்பக்கமும் 9 மில்லிமீட்டர் கூடியிருந்தது.

சாதாரண உயரத்தில் உள்ள கார் இதைக்கூடச் சமாளித்திருக்கலாம். தாழ்த்திய காரில் சக்கரம் ஏற்கெனவே மட்கார்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பின்னால் இருவர் அமர்ந்ததும் ஸ்பிரிங் இன்னும் அமுங்குகிறது. சுழல்பாதையில் திரும்பும்போது காரின் எடை ஒரு பக்கம் சாய்கிறது. அந்தப் பக்கத்து டயர் மேலே ஏறி, மட்கார்டின் உள்மடிப்பில் உரசுகிறது.

அங்கிள் கேட்ட முதல் கேள்வி

காக்கி புக்கிட்டில் நண்பர் சொன்ன பட்டறைக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய சீனர். காரைச் சுற்றிவந்தார். எந்த ரிம், எந்த டயர் என்று கேட்பார் என நினைத்தேன். “இந்தக் காரில் யார் யார் ஏறுவார்கள்?” என்று கேட்டார்.

அம்மா, அப்பா, சில நாள் அக்காவும் பிள்ளைகளும் என்றேன். “அப்படியானால் அவர்கள் எடைக்குத்தான் டயர் பார்க்கவேண்டும். நீ தனியாகக் கண்ணாடி முன் நிற்பதற்கு இல்லை” என்றார். சிரித்துவிட்டேன். கொஞ்சம் சுட்டது.

மட்கார்டின் உள்மடிப்பை மடித்துவிட்டால் இதே ரிம்மை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் பெயின்ட் விரிசல் விட்டால் நம் ஊர் ஈரத்தில் துரு பிடிக்கும். அப்போதும் டயர் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும் என்றார். மட்கார்டுக்கு வெளியே சக்கரம் நீட்டக்கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. பத்தாண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகவேண்டும். என் முறைக்கு ஆறு வாரம் இருந்தது. அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுகிற வித்தையைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து சொன்னது இது: ரிம் 17 அங்குலம், அகலம் 7, ஆஃப்செட் 45. பழையதைவிட உள்ளும் வெளியும் ஆறு மில்லிமீட்டர்தான் கூடும். டயர் 215/45 ஆர்17. விட்டம் 625, பழையதோடு ஒப்பிட்டால் ஒரு விழுக்காடு குறைவு. வேகமானியில் பெரிய மாற்றம் தெரியாது. பக்கச்சுவர் 97 மில்லிமீட்டர். 18 அங்குலத்தில் 90தான் இருந்தது. குழியில் விழும்போது அந்த ஏழு மில்லிமீட்டரை அம்மாவின் முழங்கால் அறியும்.

டயர் வாங்கும்போது இன்னொரு பாடம். அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறதே, அது சுமைக் குறியீடு. பழைய டயரில் 91. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். அதே 215/45 ஆர்17 அளவில் 87 என்று போட்டதும் கிடைக்கிறது. அது 545 கிலோதான் தாங்கும். விலை குறைவு என்று கை அங்கே போனது. பட்டறை அங்கிள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, ‘எக்ஸ்எல்’ என்று குறித்த, 91 உள்ள டயரை எடுத்தேன். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியும் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ன் 23ஆவது வாரம். பழைய ரிம்மோடு ‘புதுசுபோல’ டயர் தருகிறேன் என்பவரிடம் முதலில் இதைப் பாருங்கள்.

நடுத்துளையும் முக்கியம். ஹோண்டாவின் அச்சுக்கு 64.1 மில்லிமீட்டர் வேண்டும். வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்தவேண்டி, பெரும்பாலும் 73.1 துளையோடு வருகின்றன. நடுவில் ஒரு வளையம் போடாவிட்டால் சக்கரம் சரியாக மையத்தில் உட்காராமல் ஸ்டீயரிங் நடுங்கலாம். என் 18 அங்குலத்தில் அந்த வளையமும் இல்லை. அந்த நடுக்கத்தைச் சாலையின் குறை என்று நினைத்திருந்தேன்.

நூலும் களிமண்ணும்

ரிம் மாட்டியதும் அங்கிள் காரை உடனே தரவில்லை. சஸ்பென்ஷனைப் பதினைந்து மில்லிமீட்டர் உயர்த்தினார். “தாழ்வாகத்தான் இருக்கும். தரையைத் துடைக்காது” என்றார். மட்கார்டின் விளிம்பிலிருந்து நட்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டார். டயர் அந்த நூலைத் தொடாமல் உள்ளே நின்றது. ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, முன்டயர் உட்புறப் பிளாஸ்டிக்கைத் தொடுகிறதா, உள்விளிம்புக்கும் சஸ்பென்ஷன் தண்டுக்கும் இடையே விரல் நுழைகிறதா என்று பார்த்தார். பின்மட்கார்டின் உள்ளே, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டினார். “இப்போது ஆள் ஏற்றி ஓட்டு. களிமண் நசுங்கவில்லையென்றால் உரசவில்லை.”

பட்டறைப் பையன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தோம். களிமண் உருண்டையாகவே இருந்தது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும், அப்படியே விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும் என்று சொல்லி, சக்கர நேர்த்தியும் செய்து கொடுத்தார்.

18 அங்குல ரிம்மை விற்றபோது வாங்கிய விலையில் பாதிதான் கிடைத்தது. வாங்க வந்த இளைஞரிடம் ஆஃப்செட்டைச் சொன்னேன், அவர் காரின் எண்ணைக் கேட்டேன். டயரைக் கொடுக்கவில்லை. கீறலைக் காட்டி, அது குப்பைக்குத்தான் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவைக் கீழே அழைத்து வந்தேன். பேருந்தை எடுக்குமுன் செய்வதுபோல ஒருமுறை காரைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, தானும் பின்னால் அமர்ந்தார்.

வானொலியை அணைத்தேன். அன்று நான் ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது, பரவாயில்லை. வாசலில் உள்ள முதல் மேட்டில் மெதுவாக ஏறி இறங்கினேன். அம்மாவின் மடியில் இருந்த பையில் தேங்காய் ஒன்று உருண்ட சத்தம் மட்டும். சாலைக்கு வரும் வளைவிலும் வேறு எதுவும் கேட்கவில்லை. முன்கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தேன். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விரைவுச்சாலைக்கு வந்தபிறகு கண்ணைத் திறந்தார்.

“ரேடியோவைப் போடு” என்றார். “உன் நிகழ்ச்சி வர்ற நேரம்தானே?”