சப்பாத்தி போனது, இட்லி தப்பியது

எங்கள் வீட்டில் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காதவர்கள் யாரும் கிடையாது. விடுமுறைக்கு வரும் நாத்தனார் மகன், நான்காம் வகுப்புப் பொடியன், அவன்கூட கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "அத்தை, இதுல கோதுமை மாவு போட்டிருக்கான், வேணாம்" என்று திரும்ப வைத்துவிடுவான். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பெருங்காயத்தில் ஏது கோதுமை என்றுதான் நானும் நாற்பத்தைந்து வயது வரை நினைத்திருந்தேன்.

சுத்தமான பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். அதை அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது. அதனால் மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டித்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பாரில், ரசத்தில், மோரில், சுண்டலில், ஊறுகாயில் என்று ஒரு தமிழ்ச் சமையலறையில் அது போகாத இடம் எது, நீங்களே சொல்லுங்கள். எனக்கு வந்திருப்பதோ கோதுமையைக் கண்டால் குடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய். சீலியாக் என்று பெயர்.

கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும், பரோட்டா விசிறினால் கிழியாமல் விரிவதும் இதனால்தான். சீலியாக் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்கே பட்டுத் துணியின் இழைபோல நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். பிறகு என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. இரும்புச்சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி; அடி முதலில் விழுவதும் அங்கேதான். நான்கு வருடம் நான் விழுங்கிய இரும்பு மாத்திரைகள் எங்கே போயின என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. ஹீமோகுளோபின் 7.4. எடை 41 கிலோ. வாயில் ஓயாத புண், நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றுப்போக்கு, மாடிப்படி ஏறினால் முழங்காலில் வலி. எங்கள் பகுதி கிளினிக் ஒன்றில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், அல்சர் என்றார்கள், கடைசியாக "மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்றார்கள்.

தமிழ்நாட்டில் இந்த நோயை யாரும் சட்டென்று சந்தேகப்படாததற்கும் காரணம் இருக்கிறது. இது வடக்கே கோதுமை சாப்பிடுகிறவர்களுக்கு வருவது என்ற எண்ணம். 2016-ல் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கில் 0.10 மட்டும்தான், அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கில் நூறு பேரில் 38 பேருக்கு இருந்தால், நம் பக்கம் 36 பேருக்கு இருக்கிறது. அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில் இருந்தது: அங்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, இங்கே 25 கிராம்.

எங்கள் வீட்டில் அந்த 25 கிராம் எந்த மூலைக்கு? என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் தினமும் இரவு சப்பாத்தி. தனித்தனியாகச் சமைக்க முடியுமா? எனக்கும் நான்கு. வாரத்தில் இரண்டு நாள் சம்பா கோதுமை ரவை உப்புமா, சாயங்காலம் டீயுடன் ரஸ்க். சேலையூரிலும் செம்பாக்கத்திலும் இரவு எட்டு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் சப்பாத்தி சுடும் வாசனைதான் வருகிறது. மருத்துவர்கள் இதை எப்படிச் சொல்வார்களோ, எனக்கென்னவோ நம் பக்கமும் இந்த நோய் இனி அடிக்கடி கண்ணில் படும் என்றுதான் தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பது, இரண்டும் சேர்ந்துதான் நோயை உறுதி செய்தன. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், எதிர்ப்பொருளும் குறையும், பரிசோதனை ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். என் மருத்துவர் முதல் நாளே கேட்ட கேள்வி, "இப்பவும் சப்பாத்தி சாப்பிடறீங்க இல்லே?" என்பதுதான்.

முடிவு வந்த வாரமே என் கையில் இரண்டு தாள்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று மருத்துவர் கொடுத்தது: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் எதுவும் ஆயுசுக்கும் கூடாது. இன்னொன்றை நாத்தனார் பாசத்தோடு கொண்டுவந்தார். "அண்ணி, எனக்குத் தெரிஞ்ச உணவு ஆலோசகர் ஒருத்தர். உங்க ரிப்போர்ட்டை போன்லயே பார்த்தார். வயித்துல ஈஸ்ட் பெருகிடுச்சாம். அதைப் பட்டினி போட்டுக் கொல்லணுமாம்." அந்தத் தாளில் இருந்த தடைகள்: சர்க்கரை, வெல்லம், பழங்கள், காளான், வினிகர், தயிர், மோர், பழைய சோறு, புளித்த மாவில் செய்த எதுவும். அதாவது இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம் எல்லாம் போச்சு.

இரண்டு தாளும் ஃபிரிட்ஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டையும் சேர்த்துப் படித்த என் மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இட்லியும் கூடாது, தயிரும் கூடாதுன்னா, நோயாளி எதைத்தான் தின்பா?"

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பத்தியம் புதிதல்ல. ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கியபோது ஆன்டிபயாடிக் மருந்தே கிடையாது. காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் சிகிச்சை. அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அங்கே போய்விட்டு வந்து புளியைத் தள்ளி வைக்கும் ஒருவராவது எங்கள் தெருவில் எப்போதும் இருப்பார். ஆனால் என் மாமியார் அறிந்த பத்தியத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. "ஒரு மண்டலம், மிஞ்சினா ரெண்டு மண்டலம். முடிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு எல்லாம் சாப்பிடலாம். இது என்ன, முடிவே இல்லாத பத்தியம்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நோயைவிட அந்தக் கேள்விதான் என்னை அன்று அழ வைத்தது.

இரண்டாவது தாளை மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு வாழைப்பழக் கதை சொன்னார்.

1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு கிடையாது. எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று பல வருடம் உலகமே நம்பியது. குணப்படுத்தியது உள்ளே போன வாழைப்பழம் அல்ல, வெளியே நின்ற ரொட்டி. இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. எல்லாரும் வாடிய அந்த நாட்களில் இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மீண்டும் படுத்தார்கள். 1950-ல் அவர் அதை ஆய்வேடாகவே எழுதினார்.

"உங்க இரண்டாவது தாளும் அந்த வாழைப்பழம் மாதிரிதான்" என்றார் மருத்துவர். ஈஸ்ட் கூடாது என்று சொல்லும் பட்டியலில் பிரெட், பன், பிஸ்கட், கேக் எல்லாம் தானாகவே வெளியே போய்விடுகின்றன. கோதுமை ஆகாத ஒருவர் அதைப் பின்பற்றினால் நிச்சயம் கொஞ்சம் நன்றாக இருக்கும். பெயர் மட்டும் ஈஸ்ட்டைக் கொன்ற கணக்கில் சேரும். நோய் பெயர் தெரியாமல் உள்ளேயே கிடக்கும்.

இந்த ஈஸ்ட் பயமும் அமெரிக்காவில் கிளம்பியதுதான். வில்லியம் க்ரூக் என்ற மருத்துவர் 1983-ல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. களைப்பு, தலைவலி, மறதி எல்லாவற்றுக்கும் உடலில் பெருகும் கேண்டிடா பூஞ்சைதான் காரணம் என்பது அவர் வாதம். 1986-லேயே அங்குள்ள ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் இது நிரூபிக்கப்படாதது என்று சொல்லிவிட்டது. 1990-ல் 42 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். பூஞ்சைக் கொல்லி மருந்து தந்தபோதும் வெற்று மாத்திரை தந்தபோதும், களைப்பு போன்ற பொதுத் தொல்லைகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வாயில் வெள்ளைப் படலமாக வரும் உண்மையான கேண்டிடா தொற்று வேறு. அதற்கு மருந்து இருக்கிறது, பட்டினி தேவையில்லை.

இட்லி மாவு விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பொங்க வைப்பதில் பெரும் பங்கு பாக்டீரியாவுக்குத்தான். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருப்பவை. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் துளியும் இல்லை. "41 கிலோவில் இருக்கும் ஒருவரிடம் இட்லியையும் தயிரையும் பிடுங்கினால் மிச்சம் என்ன?" என்று மருத்துவர் கேட்டது, என் மாமியார் கேட்டதைத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது போல இருந்தது. குடல் ஆறும் வரை சில மாதம் பாலைக் குறைக்கச் சொன்னார். தயிரைச் சாப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மாமியார் இரண்டாவது தாளை எடுத்து நான்காக மடித்து, ஆடும் டைனிங் டேபிள் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டார். நாத்தனாருக்கு முதலில் வருத்தம்தான். இப்போது அவரே குளூட்டன் இல்லாத அரிசி மாவுப் பெருங்காயத்தைத் தேடி வாங்கி வருகிறார்.

தாளில் எழுதாத சிக்கல்கள் பிறகுதான் வரிசையாக வந்தன. மாவு மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் ரேஷன் கோதுமையை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில் என் பச்சரிசியைக் கொட்டினால் முதலில் விழுவது அவருடைய மாவு. மில்காரரிடம் விளக்கிச் சொன்னேன். "காலையில ஏழு மணிக்கு மொத ஆளா வாங்கக்கா, துடைச்சிட்டுப் போடறேன்" என்றார். நல்ல மனிதர். ஆனாலும் இயந்திரத்தின் உள்ளே யார் துடைப்பது? குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அது எவ்வளவு சிறிய அளவு என்று யோசித்த பிறகு மில்லை விட்டுவிட்டு, அரிசியையும் கேழ்வரகையும் கழுவிக் காயவைத்து மிக்ஸியிலேயே அரைக்கிறோம். கொழுக்கட்டை கொஞ்சம் நறநறக்கும். பரவாயில்லை.

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எல்லாம் எனக்கு ஆகும். ஆனால் கடையில் விற்கும் சத்துமாவு ஆகாது; கோதுமையோ பார்லியோ கலந்திருக்கும். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள். அதில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இருக்கின்றன. ஐந்து பாட்டில் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல காலம்.

கல்யாண மண்டபங்கள்தான் கஷ்டம். இலையைப் பார்த்தால் எல்லாம் அரிசிச் சாப்பாடுபோலவே இருக்கும். சாம்பாரில் பெருங்காயம், பாயசத்தில் சேமியா, வடை பொரித்த எண்ணெயில் அதற்கு முன் பூரி. வெறும் சோறு, தயிர், வாழைப்பழம் என்று நான் முடித்துக்கொண்டால் பக்கத்து இலைக்காரர் "டயட்டா?" என்பார். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஒருவராவது சொல்லாத கல்யாணம் இல்லை. சாப்பிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் வலி தெரியாவிட்டாலும் உள்ளே குடல் தேயும். அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். இப்போதெல்லாம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். மொய் வைத்து, மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மருத்துவமனை வராந்தாவில் அறிமுகமான ஒரு பெண், கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறவர், தன் கஷ்டத்தைச் சொன்னபோது என்னுடையது சிறிதாகிவிட்டது. அவர் கத்தோலிக்கர். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கும், திராட்சை இரசம் மட்டும் பெற்றுக்கொள்வதற்கும் அனுமதி உண்டு. ஆனாலும் வரிசையில் தனக்கு மட்டும் வேறு மாதிரி என்பதை ஒவ்வொரு ஞாயிறும் கூச்சத்தோடுதான் கடக்கிறாராம்.

எட்டு மாதத்தில் என் எடை 49 கிலோ ஆனது. ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது, அதே இரும்பு மாத்திரையில். மூன்றாவது மாதம் ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கைகளிலும் பையோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து மாடிக்கும் ஏறிய பிறகுதான் முழங்கால் வலிக்கவில்லை என்பதே ஞாபகத்துக்கு வந்தது.

பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், கல்லூரியில் படிக்கும் என் மகளையும் சோதிக்கச் சொன்னார்கள். அவளும் ஒல்லி, அவளுக்கும் ரத்தசோகை. இரண்டு மாதம் போக்குக் காட்டினாள். "இருக்குன்னு வந்துட்டா நானும் உன்ன மாதிரி ஆயுசுக்கும் டப்பாவைத் திருப்பிட்டு நிக்கணுமாம்மா?" என்றாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. பாட்டிதான் கூட்டிக்கொண்டு போனார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இன்று இல்லை என்பதால் என்றைக்கும் இல்லை என்று அர்த்தம் இல்லை, சில வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தேதியை பாட்டி தன் காலண்டரில் குறிக்க முடியவில்லை, அந்த வருடத்துக் காலண்டர் இன்னும் அச்சாகவில்லை. அதனால் அரிசி டின்னின் மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார்.