சேட்டை இல்லீங்க, சிக்கல்!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பல வீடுகளில் பிள்ளைகள் அவதிப்படும் விஷயம் இது. மலச்சிக்கல்தான் :-)

எங்கள் தெருவில் (தூத்துக்குடிதான்) ஆறு வயதுப் பையன் ஒருவன். பப்பாளி, கீரை, உலர்திராட்சை, விளக்கெண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை. போதாததற்கு ஜட்டியில் தினமும் கறை. "இம்புட்டு வயசாயும் டவுசர்லயே போறான் பாருங்க, எல்லாம் சேட்டை" என்று அடி வேறு.

அது சேட்டை இல்லை. ஒருமுறை வலித்தால் பிள்ளை பயந்து அடக்கும். அடக்க அடக்க மலம் நீர் வற்றி இறுகும். குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிப்போகும். உள்ளே இருக்கும் கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசியும். அதுதான் அந்தக் கறை. பிள்ளைக்குத் தெரியாமலே நடப்பதற்கு எதற்கு அடி?

இந்த நிலையில் கீரையை மட்டும் கூட்டிப் பயனில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுக்கணக்கு போட முடியாது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கலந்து, எடைக்கேற்ப டாக்டர் சொல்லும் அளவில், 3 முதல் 6 நாள் கொடுத்துத் தேங்கியதை வெளியேற்றுவார்கள். பிறகு குறைந்த அளவில் 2 மாதமாவது தொடர வேண்டும். பலருக்கு இன்னும் நீளும். நம் வீடுகளில் சறுக்குவது இங்கேதான். நாலு நாள் ஒழுங்காகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். தொல்லை தீர்ந்து ஒரு மாதமாவது ஆன பிறகே, அதுவும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் காலைப் பலகையில் ஊன்றி உட்காரப் பழக்குவதும் வைத்தியம்தான். அந்தப் பையனுக்கு ஏழு மாதம் பிடித்தது.

அதற்கும் மசியாவிட்டால்? பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழிக்காத பிள்ளை, வயிறு உப்பி வளர்ச்சி குன்றிய பிள்ளை என்றால், குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சைதான் தீர்வு. மற்றபடி எதற்கும் அடங்காத ஒருசிலருக்கு, 1990-ல் மலோன் என்ற டாக்டர் எழுதிய முறை உண்டு. குடல்வாலை வயிற்றுத் தோலோடு இணைத்து, அந்த வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவுவது. அது கடைசிப் படி.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், 2012-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 15.4 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. போர் நடந்த பகுதிகளில் அது இன்னும் அதிகம். வயிற்றைப் போலவே மனசையும் பார்க்கச் சொல்கிறது அந்தக் கணக்கு.

எனவே, வீட்டு வைத்தியம் பலிக்கவில்லையா? குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். ஜட்டிக் கறையை மறைக்காமல் சொல்லுங்கள். பாதி விஷயம் அவருக்கு அதிலேயே புரிந்துவிடும்.