கோட்டை மான்கள் மீது ஒரு வழக்கு

கொள்ளுப்பிட்டியில் வாழ்வோர்க்குக் கடலும் கரையோரப் புகையிரதமும் அன்றாடக் காட்சிகள், மான்கள் அவ்வாறல்ல. ஆதலால், விடுமுறையொன்றில் திருகோணமலைக்குச் சென்ற நாம், பிரெடெரிக் கோட்டையினுள் புள்ளிமான்கள் மனிதரிடையே அச்சமின்றி உலவுவதைக் கண்டு மெய்ம்மறந்து நின்றோம். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார்கள் நீட்டிய வாழைப்பழங்களை அவை உரிமையோடு வாங்கி உண்டன.

அருகே நின்ற முதியவர் ஒருவர் மட்டும் முகஞ் சுளித்தார்.

“தம்பி, இதுகளை நம்பாதேங்கோ. அந்த நாளையில வந்த வெக்கையில என்ட பட்டி முழுக்கப் போச்சுது. காட்டு மான் வந்து குளத்தில வாய் வைச்சுத்தான் மாட்டுக்கு நோய் வந்தது.”

“ஐயா, ஒரே குளத்தில் இரண்டும் நீர் குடித்தன என்றால், எது எதற்கு நோயைக் கொடுத்தது என்று எவ்வாறு அறிவது?” என்று வினவினோம். அவர் மறுமொழி கூறவில்லை.

ரிண்டர்பெஸ்ட் எனப்படும் அவ்வெக்கை நோய், மாட்டை மட்டுமன்றி மானையும் மரையையும் எருமையையும் கொல்ல வல்லது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையில் இல்லாதிருந்த அந்நோய் 1987இல் மீண்டும் தலைகாட்டியது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது வந்திறங்கியது என்பதே மிருக வைத்திய அறிஞர்களின் கருத்து. மான்கள் கடல் கடந்து வரவில்லை.

காட்டு விலங்குகளே நோயின் ஊற்று என்ற வாதம் ஆப்பிரிக்காவிலும் நெடுநாள் நிலவியது. செரெங்கெட்டிச் சமவெளியைச் சூழ்ந்த ஊர்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில், ஊசியே காணாத காட்டு வில்டபீஸ்ட் மந்தைகளிலிருந்தும் நோய் அகன்றது! மாட்டில் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது, வழக்கும் தீர்ந்தது. 2011இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அதுவே.

இவற்றைப் பொறுமையுடன் கேட்ட முதியவர் சிறிது நேரம் மான்களையே நோக்கியிருந்தார்.

“அப்ப, நேரத்தோட மாட்டுக்கு ஊசி போட்டிருந்தா ரெண்டும் தப்பியிருக்கும், என்ன தம்பி?” என்றார்.

ஆம் என்பதன்றி வேறு சொல் நமக்கு அகப்படவில்லை.

கொள்ளுப்பிட்டிக்கு மீண்ட பின், மாலையிற் கடற்கரையில் நின்று துறைமுகம் நோக்கிச் செல்லும் கப்பல்களைக் காணும்போதெல்லாம் அவர் நினைவே எழுகின்றது. வந்திறங்கும் உயிர்களைத் துறையிலேயே சோதித்துக் காப்பது நம் கடன். அதனைத் தவறவிட்டு, வாயில்லா மானைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் அறமாகுமா?