முதல் நொடி

ஹாம்பர்க், 3 அக்டோபர் 2018, புதன்

ஜெர்மன் ஒற்றுமை நாள், விடுமுறை. அறையிலேயே இருந்து, அலெக்சாண்டர் கெர்ஸ்ட் சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளபதியாகப் பொறுப்பேற்றதை மடிக்கணினியில் பார்த்தேன். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஜெர்மானியர். கெர்ஸ்ட் எரிமலைகளை ஆராய்ந்தவர்; பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறங்கப்போகும் ட்ரூ ஃபாய்ஸ்டல் நிலநடுக்கவியல் படித்தவர். பூமியைப் படித்த இருவர், நானூறு கிலோமீட்டர் உயரத்தில்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

4 அக்டோபர், வியாழன்

கெர்ஸ்ட் 2010இல் முனைவர் பட்டம் பெற்றது எங்கள் பல்கலைக்கழகத்தில்தான். அவருடைய ஆய்வேட்டை மறுபடியும் எடுத்தேன். அண்டார்க்டிகாவின் எரேபஸ் எரிமலையில் ஒரு லாவா ஏரி உண்டு. அடியிலிருந்து ஏறிவரும் வாயுக்குமிழி அதன் மேற்பரப்பை உப்பவைத்து உடைக்கும். அந்த வெடிப்பின் முதல் ஒரு நொடியை டாப்ளர் ராடாரால் அளந்திருக்கிறார்.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஒரு நொடிக்கா இவ்வளவு படிப்பு?"

"பால் பொங்குற அந்த ஒரு நொடிக்காகத்தானேம்மா நீயும் அடுப்பையே பாத்துக்கிட்டு நிப்ப?"

அம்மா சிரித்தாள்.

2009இல் ஐரோப்பிய விண்வெளி முகமை 8,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து ஆறு பேரை எடுத்தது. அவர்களில் ஒருவரான பிறகும் கெர்ஸ்ட் ஆய்வேட்டைப் பாதியில் விடவில்லை. விண்ணுக்குப் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறது.

11 அக்டோபர், வியாழன்

காலை 10.40க்கு பைக்கனூரிலிருந்து சோயுஸ் விண்கலம் நிலையத்தை நோக்கிக் கிளம்பியது. உள்ளே அலெக்ஸி ஓவ்சினினும் நிக் ஹேக்கும். இரண்டு நிமிடத்தில், பக்க பூஸ்டர்கள் கழலும் நேரத்தில் கோளாறு. அவசர அமைப்பு கலத்தை ராக்கெட்டிலிருந்து பிடுங்கி எறிந்தது. பாராசூட்டில் இறங்கிவிட்டார்கள் என்ற செய்தி வரும்வரை நான் உட்காரவே இல்லை. இருவருக்கும் ஒன்றுமில்லை.

ஐவர் இருக்க வேண்டிய நிலையத்தில் இப்போது கெர்ஸ்ட், மருத்துவர் செரீனா, புரோகோபியெவ் என மூவர்தான். அடுத்த கலம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தளபதியாகி எட்டே நாள்.

12 அக்டோபர், வெள்ளி

மேலிருந்து கெர்ஸ்ட் எடுத்த படத்தைப் பார்த்தேன். நேற்றைய ராக்கெட்டின் தடம், வளைந்த பூமியின் மேல் வெள்ளைக் கீறலாக. நண்பர்கள் வந்துகொண்டிருந்த வழி அது. அந்த நேரத்திலும் கேமராவை எடுத்திருக்கிறார்! எரேபஸில் பழகிய கண்ணாக இருக்க வேண்டும்.

மதியம் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். இரண்டாவது நிலநடுக்கமானியின் கடிகாரம் 0.4 நொடி பின்தங்கி ஓடியிருக்கிறது. எல்லா அலைகளையும் முதலிலிருந்து குறிக்க வேண்டும். பதினேழு குறித்துவிட்டேன்.