சிரிப்பு திரும்பிய பிறகு

அமெரிக்காவில் வசிக்கும் என் தோழி மனச்சோர்வினால் மூன்று வருஷமாகச் சிரிப்பையே மறந்திருந்தாள். ஒரு நாள் டெலிபோனில் கலகலவென்று சிரித்தாள். "எஸ்கெட்டமைன் வைத்தியமடி!" என்றாள்.

கெட்டமைன் 1970-ல் அங்கே அனுமதி பெற்ற மயக்க மருந்து. அதிலிருந்து பிறந்த இந்த மூக்கு மருந்து, 2019-ல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. சில மணி நேரத்திலேயே பாரம் இறங்கலாம். நிறுத்தினால் மறுபடி ஏறவும் கூடும்.

"அப்பாடா!" என்று நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவள் சிகிச்சையை நிறுத்தினாள். சில வாரங்களில் இருள் திரும்பியது. "தோற்றுவிட்டேனடி" என்று அழுதாள்.

இதில் தோல்வி என்ன? ரத்த அழுத்தத்துக்கு வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடுவதில்லையா? ஆனால் ஜாக்கிரதை வேண்டும். போதைக்காகக் கெட்டமைனை நெடுநாள் உட்கொண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகி, ஞாபகசக்தியும் மங்கியதுண்டு. சிகிச்சைக்கோ அளவு உண்டு. டாக்டர் கண்ணெதிரேதான் மருந்து, பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

இப்போது மறுபடி சிகிச்சை. ஞாயிறுதோறும் நான் பேசுகிறேன், அவள் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும்.